உப்புமூட்டை ஏறி வீடு திரும்பிய விண்ணோடங்கள்: நடுவில் கழிந்த அந்த ஒரு வாரம் எதற்காக?

வைகறை எழுதியது:

சுனிதா வில்லியம்ஸ் 2007 ஜூன் 22 அன்று அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் (ஸ்பேஸ் ஷட்டில்) தரையிறங்கியதை நம்மில் பலர் கண்விழித்திருந்து தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். நமக்கு அப்போது நள்ளிரவு தாண்டி ஏறத்தாழ ஒன்றேகால் மணி. புளோரிடாவில் வானிலை சரியில்லாததால், விண்ணோடத்தைக் கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். விண்வெளி வீரர்கள் ஓரிரு நாளில் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அட்லாண்டிஸ் மட்டும் ஜூலை 1 வரை அந்தப் பாலைவனத்திலேயே இருந்துவிட்டு, போயிங் 747 ஒன்றின் முதுகில் ஏறி, ஜூலை 3 அன்றுதான் புளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்திற்குத் திரும்பியது.

எனக்கு இரண்டு ஐயங்கள். முதலாவது, முதுகில் தூக்கி வைத்துக் கட்டுவதற்கு ஒன்பது நாள் ஏன் தேவைப்பட்டது? இரண்டாவது, ஒரு ஜம்போ விமானம் ஐந்து மணி நேரத்திற்குள் கடந்துவிடக்கூடிய தொலைவுக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டு, டெக்சாஸின் அமரில்லோ, நெப்ராஸ்காவின் ஆஃபட், கென்டக்கியின் ஃபோர்ட் கேம்ப்பெல் என்று ஊர் சுற்றிப் போனது ஏன்? நெப்ராஸ்கா வழியில் இருக்கும் ஊரே அல்லவே.

மீகாமன் எழுதியது:

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விமானப் பராமரிப்புக் கொட்டகையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். விண்ணோடத்தோடு எனக்கு நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் இந்தத் தூக்கிச் செல்லும் வேலையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன்.

தூக்கி வைப்பது அந்த ஒரு வாரத்தின் கடைசி வேலை. தரையிறங்கி நிற்கும் விண்ணோடம் ஒரு நச்சுக் கிடங்கு. அதன் திசைதிருப்பும் சிறு இயந்திரங்களுக்கான ஹைட்ரசீன் வகை எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் உடலில் பட்டாலும் மூச்சில் கலந்தாலும் ஆபத்து. ஆகவே அந்த அமைப்புகளைக் கையாளும் பணியாளர்கள் முழு உடலையும் மூடும் காற்றுப்புகா உடையில்தான் வேலை செய்வார்கள். மின்சாரம் தயாரிக்கும் எரிபொருள் மின்கலங்களுக்காக ஏற்றிச் சென்ற திரவ ஹைட்ரஜனிலும் திரவ ஆக்சிஜனிலும் எஞ்சியதை வெளியேற்ற வேண்டும். பிறகு பின்புறத்து மூன்று பெரிய இயந்திரங்களையும் மறைத்து வால்கூம்பு பொருத்த வேண்டும். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் தூக்குவது.

தூக்குவதற்கென்றே எட்வர்ட்ஸிலும் கென்னடியிலும் இரும்புச் சட்டங்களால் ஆன நிலையான அமைப்பு ஒன்று இருந்தது. நூறு அடி உயரக் கோபுரங்கள் இரண்டு, அவற்றை இணைக்கும் மேல்பாலம்: கோயில் தேருக்குச் சாரம் கட்டியதுபோல் இருக்கும். விண்ணோடத்தை அதனுள் இழுத்து வந்து நிறுத்தி, தூக்குச் சட்டத்தில் மாட்டி மேலே உயர்த்துவார்கள். அந்தரத்தில் தொங்கும்போது அதன் சக்கரங்கள் உள்ளே மடக்கப்படும். 747 அதன் அடியில் மெல்ல வந்து நிற்கும். பிறகு அங்குலம் அங்குலமாக இறக்கி மூன்று இடங்களில் பூட்டுவார்கள்: முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. ஏவும்போது அந்தப் பெரிய ஆரஞ்சு நிற எரிபொருள் தொட்டியோடு விண்ணோடத்தை இணைத்த அதே மூன்று இடங்கள்தான் இவையும். விமானத்திற்காக விண்ணோடத்தின் வயிற்றில் புதிதாக ஒரு துளைகூட இட வேண்டியிருக்கவில்லை என்பது இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

நெப்ராஸ்காவுக்குக் காரணம் மழை. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மீகாமன் ஐயா விளக்கியது நன்று. ஆனால் நாம் வியந்துகொண்டிருப்பது ஒரு தவறான முடிவின் விளைவைத்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருமுறை எட்வர்ட்ஸிலிருந்து விண்ணோடத்தைத் திருப்பிக் கொண்டுவர 2009 வாக்கில் ஏறத்தாழ 18 லட்சம் டாலர் செலவானதாக நாசாவே கூறியிருந்தது. அடுத்த பயணத்திற்கான ஆயத்தப் பணியிலும் ஒரு வாரம் போய்விடும். வெற்றிகரமாகத் தரையிறங்கிய 133 முறைகளில் 54 முறை எட்வர்ட்ஸில்தான் இறங்கியிருக்கிறார்கள். ஐந்தில் இரண்டு முறை வீட்டு வாசல் வரை வர இயலாத வண்டியை, மறுபடியும் மறுபடியும் பயன்படுத்தத்தக்கது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள் என்பதே என் குறை. கென்னடியில் 4,572 மீட்டர் நீள ஓடுதளத்தைக் கட்டிவிட்டு எதற்காகப் பாலைவனத்திற்குப் போனார்கள்?

மீகாமன் எழுதியது:

கணக்கு சரி, முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. 54 என்பதை ஆண்டுவாரியாகப் பிரித்துப் பாருங்கள். தொடக்கப் பயணங்களில் இந்த வண்டி எப்படி இறங்கும் என்பதே சோதனை. எட்வர்ட்ஸில் நாலாபுறமும் மைல் கணக்கில் விரிந்த ரோஜர்ஸ் வறண்ட ஏரிப்படுகையில் ஓடுதளத்தைவிட்டு விலகினாலும் பெரிய சேதம் நேராது. கென்னடியிலோ ஓடுதளத்தைச் சுற்றிச் சதுப்பு நிலமும் முதலைகளும். 1985 ஏப்ரலில் டிஸ்கவரி அங்கே பக்கக்காற்றில் இறங்கியபோது நிறுத்துக்கட்டைகள் (பிரேக்) சேதமாகி ஒரு சக்கரம் வெடித்தது. அதன் பிறகு இறங்கும் இடத்தை எட்வர்ட்ஸுக்கு மாற்றினார்கள். மறு ஆண்டு சேலஞ்சர் விபத்து. 1990 நவம்பரில்தான் ஒரு விண்ணோடம் மறுபடியும் கென்னடியில் இறங்கியது. ஆகவே அந்த ஐந்தரை ஆண்டுகளில் விண்வெளி சென்று பத்திரமாகத் திரும்பிய ஒவ்வொரு விண்ணோடமும் 747 முதுகில்தான் வீடு சேர்ந்தது. நிறுத்துக்கட்டைகளை மேம்படுத்தி, 1992 முதல் வால்புறப் பாராசூட்டையும் சேர்த்த பிறகு கென்னடியே வழக்கமான இடமாயிற்று. பின்னாளில் எட்வர்ட்ஸுக்குப் போனதெல்லாம் பெரும்பாலும், ஓரிரு நாள் சுற்றுப்பாதையில் காத்திருந்தும் புளோரிடா வானம் தெளியாத வேளைகளில்தான்.

இயந்திர விசையில்லாமல் சறுக்கி இறங்கும் வண்டிக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது. அந்த 18 லட்சத்தை நான் காப்பீட்டுத் தொகை என்றுதான் எழுதிக்கொள்வேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

காப்பீடு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் உரிமை கோர வேண்டி வந்தால் அதற்குப் பெயர் காப்பீடு அன்று, மாதச் செலவு.

புறவழிச்சாலை எழுதியது:

நான் கனரக வாகனப் போக்குவரத்துத் துறையில் இருக்கிறேன். காற்றாலை இறக்கைகளையும் மின்மாற்றிகளையும் நாங்கள் சாலை வழியாகவே மாநிலம் கடத்துகிறோம். வெறும் எடை ஏறத்தாழ 80 டன்தான் என்னும்போது பலசக்கர இழுவை வண்டியில் ஏற்றிப் போயிருக்கலாமே? வானிலைக்குக் காத்திருக்க வேண்டிய தேவையும் இருந்திருக்காது.

ஹூஸ்டன்வாசி எழுதியது:

நண்பரே, சிக்கல் எடையில் இல்லை, உருவத்தில் இருக்கிறது. இறக்கைகளின் விரிவு ஏறத்தாழ 24 மீட்டர், நீளம் 37 மீட்டர், சக்கரத்தில் நிற்கும்போது வால் நுனி வரை உயரம் 17 மீட்டருக்கு மேல். காற்றாலை இறக்கை நீளமானதே தவிர ஒடுங்கியது. விண்ணோடத்தின் இறக்கைகளைக் கழற்றி மாட்ட முடியாது.

சாலையில் கொண்டுபோனால் என்னவாகும் என்பதை 2012 அக்டோபரில் எல்லோரும் பார்த்தார்கள். எண்டெவர் விண்ணோடத்தை லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்திலிருந்து கலிபோர்னியா அறிவியல் மையத்திற்கு வீதி வழியாக இழுத்துச் சென்றார்கள். பன்னிரண்டு மைல் தொலைவுதான். மூன்று நாள் ஆயிற்று. ஏறத்தாழ 400 மரங்களை வெட்டினார்கள். விளக்குக் கம்பங்களும் போக்குவரத்துச் சைகைகளும் கழற்றப்பட்டன. இறக்கை நுனி அடுக்குமாடி வீடுகளின் பலகணியை உரசுவதுபோல் கடந்துபோன படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எட்வர்ட்ஸிலிருந்து கென்னடிக்கு நேர்க்கோட்டிலேயே 3,500 கிலோமீட்டர்.

சாலைப் பயணமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கலிபோர்னியாவின் பாம்டேலில் கட்டி முடித்த கொலம்பியா விண்ணோடத்தை 1979 மார்ச்சில் எட்வர்ட்ஸ் வரை தரைவழியாகத்தான் இழுத்து வந்தார்கள். அது திறந்த பாலைவனச் சாலை என்பதால் முடிந்தது.

வைகறை எழுதியது:

மழை பற்றி மீகாமன் ஐயா தனியாக எழுதுவதாகச் சொல்லியிருந்தார். எனக்குப் புரியாத முரண்பாடு அதுதான்: பூமியின் காற்றுமண்டலத்தில் நுழையும்போது 1,600 பாகை செல்சியஸ் வரை வெப்பத்தைத் தாங்கும் ஒரு வண்டி, ஒரு தூறலுக்கு அஞ்சி நெப்ராஸ்கா வரை ஒதுங்கிப் போவதா?

மீகாமன் எழுதியது:

அஞ்சத்தான் வேண்டும். வண்டியின் மேற்பரப்பில் பெரும்பகுதியை மூடியிருப்பவை சிலிக்கா இழையால் ஆன வெப்பத் தடுப்பு ஓடுகள். கொலம்பியாவில் ஏறத்தாழ 31,000 ஓடுகள் இருந்தன. ஓர் ஓட்டின் கனஅளவில் ஏறத்தாழ 90 விழுக்காடு வெறும் காற்று; கையில் எடுத்தால் தெர்மோகோல் துண்டுபோல் இருக்கும் என்கிறார்கள். வெப்பத்தைக் கடத்தாத அந்தக் காற்றறைகளே தண்ணீர் கிடைத்தால் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். இதற்காக ஓடுகளுக்குள் நீர்விலக்கும் சிலேன் வகை வேதிப்பொருள் ஒன்றை ஏற்றியிருப்பார்கள். திரும்பி வரும்போது ஏற்படும் வெப்பத்தில் அது எரிந்துபோய்விடும். அடுத்த பயணத்திற்கு முன்பு ஒவ்வோர் ஓட்டிலும் ஊசி போட்டு அந்த மருந்தை மறுபடியும் செலுத்துவார்கள். ஊசி போடும் இடம் கென்னடி. ஆகவே எட்வர்ட்ஸில் நிற்கும் விண்ணோடம், காய்ச்சல் தணிந்த கையோடு எதிர்ப்புச் சக்தி குன்றியிருக்கும் பிள்ளைபோல. உறிஞ்சிய நீர் எடையைக் கூட்டும். மேலே குளிரில் உறைந்தால் ஓட்டையும் பிளக்கும்.

நீரை விட்டுவிட்டு, துளியின் மோதலை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும். விமானம் ஒலியின் வேகத்தில் ஏறத்தாழ 0.6 மடங்கில் போகிறது. அந்த வேகத்தில் மழைத்துளி ஓட்டின் மெல்லிய கண்ணாடிப் பூச்சைக் கொத்திவிடும்.

இதனால் விதிகள் கடுமையாக இருந்தன. பகலில் மட்டுமே பறக்க வேண்டும், மேகத்திற்குள் நுழையக்கூடாது. வழிகாட்டி விமானம் ஒன்று ஏறத்தாழ நூறு மைல் முன்னால் பறந்து வானிலையைச் சொல்லிக்கொண்டே போகும். உயரமும் தாழ்வுதான், பெரும்பாலும் 13,000 முதல் 15,000 அடி. அதற்கு மேல் ஏறினால் குளிரும் காற்றழுத்தக் குறைவும் விண்ணோடத்திற்கு வகுத்த வரம்பைத் தாண்டிவிடும். வெறும் 747 என்றால் ஏறத்தாழ 25,000 அடியில் பறந்து புயலைக் கடந்துவிடலாம். முதுகில் பிள்ளை இருக்கும்போது சுற்றித்தான் போக வேண்டும். போதாக்குறைக்கு, பாரத்தாலும் காற்றின் இழுவையாலும் எரிபொருள் ஏறத்தாழ இருமடங்கு செலவாகும். சுமையோடு ஒருமுறை பறக்கக்கூடிய தொலைவு சுமார் 1,850 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். ஆகவே மழை இல்லாவிட்டாலும் நடுவில் ஓரிடத்திலாவது இறங்கியே தீர வேண்டும். சரக்குப்பெட்டியில் கனமான கலன் எதையாவது வைத்துத் திரும்பியிருந்தால் நிறுத்தங்கள் இன்னும் கூடும்.

வைகறை எழுதியது:

வால்கூம்பு எதற்கென்று யாராவது விளக்க முடியுமா? ஓடாத இயந்திரத்தை மூடினால் என்ன, மூடாவிட்டால் என்ன?

மீகாமன் எழுதியது:

விண்ணோடத்தின் பின்புறம் சுவர்போல் மொட்டையானது. அதைக் கடக்கும் காற்று சுழல்களாகச் சிதறி நேராக 747-இன் வாலில் போய் மோதும். கூம்பு அந்தச் சுழலைக் குறைக்கிறது, இழுவையையும் குறைக்கிறது. எவ்வளவு குறைக்கிறது என்பதற்கு 1977-லேயே கண்கூடான சான்று உண்டு. விண்வெளிக்குப் போகாத சோதனை ஓடமான எண்டர்பிரைசை 747 முதுகிலிருந்து வானத்தில் விடுவித்து, தானாகச் சறுக்கி இறங்க வைத்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று கூம்போடு நடந்த முதல் சறுக்கல் ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தது. அக்டோபரில் கூம்பைக் கழற்றிவிட்டுச் சற்றே தாழ்வான உயரத்தில் விடுவித்தபோது ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் தரையைத் தொட்டுவிட்டது. கல் விழுந்ததுபோல என்று சொன்னால் மிகையாகாது.

எனினும் விண்ணோடத்தின் பருத்த உடலுக்குப் பின்னால் 747-இன் நடு வாலுக்குப் போதிய காற்று கிடைப்பதில்லை. அதை ஈடுகட்டவே கிடைமட்ட வாலின் இரு முனைகளிலும் செங்குத்தான தட்டுகளைச் சேர்த்தார்கள். தொலைவிலிருந்து பார்த்தாலும் அந்த 747-ஐ அடையாளம் காட்டுவது அதுதான்.

புறவழிச்சாலை எழுதியது:

அப்படியென்றால் சோவியத் நாட்டவரின் முறையே சிறந்தது. அவர்களுடைய விண்ணோடமான புரான் விண்வெளி சென்று திரும்பியபோது அதைச் சுமந்து வருவதற்கென்றே அன்டோனோவ் 225 மிரியா விமானத்தைக் கட்டினார்கள். ஆறு இயந்திரங்கள், தொடக்கத்திலிருந்தே இரட்டை வால். அமெரிக்கர்களோ பழைய பயணிகள் விமானத்தை வாங்கி ஒட்டுப்போட்டார்கள்.

மீகாமன் எழுதியது:

ஒரு சிறு திருத்தம். புரான் 1988 நவம்பர் 15 அன்று ஆளில்லாமல் விண்வெளி சென்று, புறப்பட்ட பைக்கனூர் ஏவுதளத்திலேயே தானாக இறங்கியது. மிரியா முதன்முதலில் பறந்ததே டிசம்பர் 21 அன்றுதான். அது புரானை முதுகில் ஏற்றியது 1989 மே மாதத்தில். ஜூனில் பாரிஸ் விமானக் கண்காட்சிக்கும் கொண்டுபோனது. ஆகவே விண்வெளியிலிருந்து திரும்பிய ஓடத்தை இறங்கிய இடத்திலிருந்து வீட்டுக்குச் சுமந்து வரும் வாய்ப்பு மிரியாவுக்குக் கிடைக்கவே இல்லை. அதற்கு முன்பு கட்டுமானக் காலத்தில் மியாசிஷ்செவ் குண்டுவீச்சு விமானத்தை மாற்றியமைத்து, முழுமையடையாத ஓடத்தைச் சுமந்தார்கள். அதற்கும் இரட்டை வால்தான் வைத்தார்கள். நடு வாலுக்குக் காற்று கிடைக்காது என்ற ஒரே சிக்கலுக்கு இரு நாட்டவரும் கண்ட தீர்வுகள் இவை: ஒருவர் வாலைப் பிளந்தார், மற்றவர் வாலுக்குக் காது வைத்தார்.

வடிவமைப்பாக மிரியாதான் அழகு என்பதில் எனக்கு மறுப்பில்லை. எனினும் ஒட்டுப்போட்டார்கள் என்பதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன். சி-5 கேலக்சி இராணுவ விமானத்தையும் ஆராய்ந்துவிட்டுத்தான் இதைத் தேர்ந்தார்கள். முதல் விமானம் 1974-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸிடம் வாங்கியது. 1983 வரை அந்த நிறுவனத்தின் கோடுகளைக்கூட அழிக்கவில்லை. இரண்டாவது ஜப்பான் ஏர்லைன்ஸ் உள்நாட்டுக் குறுந்தொலைவுச் சேவைக்கு வைத்திருந்தது. ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்குவதற்கென்றே உடல் வலுவூட்டப்பட்ட வகை. பழைய வண்டி வாங்குபவர் இதைவிட நல்ல வண்டியைத் தேடிப் பிடித்திருக்க முடியாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பழைய வண்டி வாங்கியதற்காக மட்டும் நாசாவுக்கு என் முழு மதிப்பெண். மிரியா பின்னாளில் சரக்கு விமானமாக உழைத்துச் சம்பாதித்ததையும், 2022-இல் உக்ரைனின் ஹோஸ்டோமெல் விமானத் தளத்தில் போரில் அழிந்ததையும் இந்த இடத்தில் நினைவுகூர வேண்டும்.

ஹூஸ்டன்வாசி எழுதியது:

இந்த இழையில் கார்டன் ஃபுல்லர்ட்டனின் பெயரை யாரும் சொல்லாதது வியப்பாக இருக்கிறது. 1977-இன் முதல் சறுக்கலில் ஃபிரெட் ஹெய்ஸுடன் எண்டர்பிரைசில் அமர்ந்து, 747 முதுகிலிருந்து விடுபட்டவர் அவர். 1982 மார்ச்சில் எட்வர்ட்ஸின் ஏரிப்படுகை நீரில் மூழ்கிக் கிடந்ததால், கொலம்பியா நியூ மெக்சிகோவின் ஒயிட் சேண்ட்ஸில் இறங்கியதல்லவா? அந்தப் பயணத்தின் விமானியும் அவரே. அங்கே தூக்குக் கோபுரம் இல்லை. பாரந்தூக்கிகளை வைத்துத்தான் விண்ணோடத்தை 747 மேல் ஏற்றினார்கள். மாவுபோன்ற வெண்ணிற ஜிப்சம் தூசி வண்டியின் சந்து பொந்தெல்லாம் புகுந்து, அதைத் துடைப்பதே பெரும்பாடாயிற்று. ஏப்ரல் 6 அன்று அங்கிருந்து புறப்பட்டது. விண்வெளி வீரர் பணியை விட்ட பிறகு ஃபுல்லர்ட்டன் எட்வர்ட்ஸுக்கே போய், சுமந்து செல்லும் 747-ஐயும் ஓட்டினார். மேலே இருந்தவர், கீழே வந்து சுமந்தார்.

அவர் ஓட்டிய முதல் 747 இப்போது எங்கள் ஊரில் நிற்கிறது. விண்ணோட மாதிரி ஒன்றை அதன் முதுகில் ஏற்றிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டுக்குள்ளும் ஏறிப் பார்க்கலாம். பள்ளி விடுமுறையில் ஊரிலிருந்து வரும் உறவினர் எல்லோரையும் நான் அங்கே அழைத்துப் போவதால், வழிகாட்டிகளைவிட எனக்குக் கூடுதலாகத் தெரியும் என்று என் மனைவி சொல்வாள். ஓடங்களைச் சுமந்து பறந்த நாளில் அதன் பயணிகள் கூடம் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது. இருக்கைகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றியிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஓடத்தைத் தாங்கு காலில் எப்படிப் பொருத்துவது என்று விமானத்திலேயே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள்: ஓடத்தை இங்கே பொருத்தவும், கவனம், கருப்புப் பக்கம் கீழே இருக்க வேண்டும்.

வைகறை எழுதியது:

தலைகீழாகப் பொருத்திவிடுவார்களோ என்ற அச்சம்போலும்! எல்லோருக்கும் நன்றி. இரண்டாவது 747 என்னவாயிற்று?

மீகாமன் எழுதியது:

2012 பிப்ரவரியில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். டிஸ்கவரி, எண்டர்பிரைஸ், எண்டெவர் மூன்றையும் அந்த ஆண்டு அருங்காட்சியகங்களுக்கு வழியனுப்பிச் சுமந்தது ஹூஸ்டனில் நிற்கும் மூத்த விமானம்தான். அட்லாண்டிஸ் கென்னடியிலேயே தங்கிவிட்டதால் அதைச் சுமக்கும் தேவை எழவில்லை. இளைய விமானத்தை, அகச்சிவப்புத் தொலைநோக்கியைச் சுமந்து பறந்த சோஃபியா என்னும் மற்றொரு 747-க்கு உதிரிபாகங்கள் எடுக்க வைத்திருந்தார்கள். இப்போது அது பாம்டேலில் திறந்தவெளிக் காட்சிப் பூங்காவில் நிற்கிறது, வால் முனைத் தட்டுகளோடு, முதுகில் யாரும் இல்லாமல்.